சாயங்காலம் வரைக்கும் அவர்களுடைய மைக்

பிரிட்டோ சித்தப்பா குவைத்துக்குப் புறப்பட்டது பொங்கல் கழிந்த மறு செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், திருச்சி பஸ்ஸின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, அவர் என் சித்தி ஆனந்தமேரியிடம் கடைசியாகச் சொன்னது மைக் செட்டைப் பற்றித்தான்.

“வத்தலக்குண்டுக்காரன் ஞாயித்துக்கெழம வருவான், வெலை பேசியாச்சு. பெட்டி, ஆம்ப்ளிஃபயர், ஜெனரேட்டர், வயரு எல்லாத்தையும் மொத்தமாக் குடுத்துரு. இது பொம்பள பாக்குற வேலை இல்ல.”

“சரி.”

“சும்மா சரிங்காத. குடுத்துருவியா?”

“ஏறுங்க. கண்டக்டரு விசில் அடிக்கிறாரு.”

பஸ் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்காரர் மினி லாரியோடு மேட்டுப்பட்டிக்கு வந்தபோது மைக் செட் கடை பூட்டிக் கிடந்தது. சித்தி அன்று ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை நிறுத்தி, பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு முறை வந்தார். அப்போதும் பூட்டு. மூன்றாம் முறை போனில் கேட்டார். “அண்ணே, சீசன் முடியட்டும்” என்றாள். திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் ஊர்களில் கோயில் கொடை, மாதா திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று சீசன் முடிவதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

சித்தி அந்தத் தொழிலைத் தப்புச் செய்து செய்துதான் கற்றாள். முதல் திருவிழாவில் ஒரு பெட்டியை மாட்டுத் தொழுவத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டாள். திருப்பலி பாதியில் இருக்கும்போது ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தது. சாமியார் ஜெபத்தை நிறுத்தவில்லையாம். “அவரு நிறுத்தியிருந்தா எனக்கு அந்த ஊர்ல வேலை போயிருக்கும்” என்பாள். அடுத்த வருடமும் அதே ஊரில் அவள்தான் செட்டு போட்டாள்.

அவளிடம் ஒரு கொள்கை இருந்தது. தொழிலில் எல்லோரும் ஒப்புக்கு வைத்திருப்பதுதான். அவள் மட்டும் அதில் பிடிவாதமாக நின்றாள். வாடகைக்கு எடுத்தவர் யாரோ, வாடகை முடியும்வரை மைக் அவருடையது. வேறு யார் பேச வேண்டுமென்றாலும் எடுத்தவரைக் கேட்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் செட்டு எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், முன்னாள் கவுன்சிலர், நாலு வார்த்தை வாழ்த்திப் பேச வந்தார். அவரை நாலு வார்த்தையில் நிறுத்த முடியாது என்பது ஊரறிந்த விஷயம்.

“பொண்ணோட அப்பாவைக் கேளுங்கண்ணே” என்றாள் சித்தி.

“நான் யாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியும்ணே. அதனாலதான் கேட்டுட்டு வாங்கங்கிறேன்.”

அவர் சாப்பிடாமல் போய்விட்டார். ஆனால் தன் மகள் கல்யாணத்துக்கு ஆனந்தமேரியைத்தான் கூப்பிட்டார். தன்னைத் தவிர யாரும் அங்கே பேசிவிடக் கூடாது என்பது அவர் கணக்கு.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது இந்தக் காலத்தில்தான். வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. சித்தியின் வேனில் ஏறிக்கொண்டேன். வயர் சுற்றத் தெரிந்தவர்களுக்கு அவளிடம் எப்போதும் இடம் உண்டு.

அப்படி ஒரு நாள் கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அறிவுச்செல்வி வந்தாள். நூற்பாலையில் வேலை செய்கிற பெண். மில்லின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. சாணார்பட்டியைத் தாண்டி, சிறுமலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

“அக்கா, மைக் செட்டு வேணும். வியாழக்கெழம.”

“என்ன விசேஷம்?”

“ஆர்ப்பாட்டம்.”

“யாரு பேசுறா?”

“யாரும் பேச மாட்டாக.”

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். “அப்புறம் மைக் எதுக்குடி?”

“போலீசுல அனுமதி கேக்கப் போனோம்க்கா. மைக் உண்டா இல்லையான்னு கேட்டாக. உண்டுன்னு சொல்லிட்டேன். சொன்ன பொறகு இல்லாமப் போனா நல்லாருக்காதுல்ல.”

சித்தி சிரித்துவிட்டாள். உட்காரச் சொல்லி டீ வாங்கி வரச் செய்தாள். அறிவுச்செல்வி டீயை ஆற்றிக்கொண்டே நிலத்தின் கதையைச் சொன்னாள். அதில் சுற்றி வளைக்கிற இடமே இல்லை. அவளுடைய அப்பா சிறுவனாக இருந்தபோது அதிகாரிகள் இவர்களை மலையிலிருந்து கீழே கூட்டி வந்து, அடிவாரத்தில் நிலம் கொடுத்து, இனி இங்கே விவசாயம் செய்யுங்கள் என்றார்கள். விற்கக் கூடாது, அடுத்தவர் வாங்கக் கூடாது என்று நிபந்தனையோடு பட்டாவும் கொடுத்தார்கள். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் வாங்கவில்லை. வேலியைத்தான் நகர்த்தினார். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம். இப்போது இவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி கம்பி வேலிக்கு உள்ளே இருந்தது.

“போலீசுக்குப் போனீங்களா?”

“போனோம். இது நிலத்து வெவகாரம், தாசில்தாரப் பாருன்னாக. அங்க போனா, சர்வேயர் வந்து அளக்கணும்னாக. சர்வேயரு, தோப்புக்காரரு ஆளுக நிக்கிறாக, போலீசு பாதுகாப்பு இல்லாம நான் அங்க கால் வைக்க மாட்டேங்கிறாரு. மறுபடி போலீசுக்குப் போனா, தாலுகா ஆபீசுல இருந்து லெட்டர் வந்தாத்தான் பாதுகாப்புக்கு வருவோங்கிறாக. தாலுகா ஆபீசுல, சர்வேயரு தேதி குடுத்தாத்தான் லெட்டருங்கிறாக.” டீயை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, “சுத்திச் சுத்தி எனக்கே தலை சுத்துதுக்கா” என்றாள்.

“அதை மைக்ல சொல்லலாம்ல?”

“எங்காளுக கூட்டத்துல சத்தமாப் பேச மாட்டாக. சத்தம் போட்டுச் சண்டை புடிக்கிறது எங்க வழக்கம் இல்ல. யாராச்சும் எங்களப் பாத்துச் சத்தம் போட்டாலும் அந்த எடத்துல இருக்க மாட்டோம். எந்திரிச்சுப் போயிருவோம். அம்புட்டுத்தான்.”

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அனுமதி சாலையோரத்தில் நிற்பதற்கு. செட்டு மாலை வரை. சித்தி பெட்டிகளைச் சாலையின் இரு பக்கமும் நிறுத்தி, மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, ஜெனரேட்டரைப் போட்டாள். பளியர் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தன. சாலையோரத்தில் புல் நனைந்திருந்தது. முதலில் ஒரு கிழவர் ஈரம் பார்த்து, தாரின் மேல் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அப்படியே எல்லோரும். ஆர்ப்பாட்டம் மறியலாக மாறியது இவ்வளவில்தான். கோஷம் கிடையாது. பதாகையும் கிடையாது. எழுந்து நின்று எதையாவது கேட்க ஒருவரும் இல்லை.

நத்தம் பக்கத்திலிருந்து வந்த முதல் பஸ் நின்றது. அதன் பின்னால் அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகும் வண்டி. அதன் பின்னால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்கள். மல்லிகை மூட்டைகள் ஈரச் சாக்கில் கட்டிக் கிடந்தன. அய்யலூரில் விடியுமுன்னே பேரம் சூடாகிவிடும். வெயில் ஏறினால் வாங்குகிறவன் போய்விடுவான். மல்லிகை அதையும்விட அவசரக்காரி. மொட்டு விரிந்துவிட்டால் மாலை கட்டுகிறவர் தொட மாட்டார்.

ஆட்டு வண்டிக்காரர் சுருளிவேல் இறங்கி வந்தார். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. “ஏம்ப்பா, என்ன வேணும்? சொல்லித் தொலைங்கப்பா. சாலையில உக்காந்தா ஒரு காரணம் வேணாமா?”

ஒரு குழந்தை அவருடைய வண்டியில் கத்திய கிடாக்குட்டியைப் பார்த்துச் சிரித்தது.

“காலங்காத்தால ஊமையா வந்து உக்காந்திருக்காய்ங்க” என்று அவர் பூக்காரர்கள் பக்கம் திரும்பினார். அங்கே சண்முகவள்ளி என்ற அம்மாள் சாக்கைப் பிரித்து மொட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திட்டினாலும் திட்டுறாகன்னு ஆறுதலா இருக்கும்” என்றார் அவர். “இப்பிடி உக்காந்திருந்தா யாரோட நான் சண்டை புடிக்க?”

சண்டை பிடிக்க ஆள் வந்தது. போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டர் பழனிக்குமார் இறங்கியதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பழனிப் பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரர், இங்கே மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான். கோபத்திலும் மரியாதை குறையாத பேச்சு.

“பொறுங்க, பொறுங்க. பாத்துக்கறனுங்க.”

“எதைப் பாப்பீங்க? என் பூவுல வெயில் விழுறதையா?”

“ஆட்டுக்கு நீங்களே வெலை குடுத்துருங்க சார், நான் வீட்டுக்குப் போறேன்.”

“கைல தடி எதுக்கு வெச்சிருக்கீக? நடக்கவா?”

அவருடைய போன் விடாமல் அடித்தது. ஒவ்வொரு முறையும் “ஆமாங்கய்யா, இப்பத்தானுங்கய்யா” என்று ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். கலைந்து போகச் சொல்லி எல்லோர் காதிலும் விழும்படி அறிவிக்காமல் கை வைக்க முடியாது. ஜீப்பின் ஒலிபெருக்கியை எடுத்தார்கள். அது இருமியது. அடித்துப் பார்த்தார்கள். ஒரு முறை விசிலடித்துவிட்டு அடங்கியது. நின்றிருந்த வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் அதன் கடைசி மூச்சும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்கள் வேன் பக்கம் வந்தார். “ஏனுங்கம்மா, அந்த மைக்கைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு அறிவிப்புத்தானுங்க.”

சித்தி ஆம்ப்ளிஃபயர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று சொன்னாள்: “சாயங்காலம் வரைக்கும் அது அவுக மைக் சார். அவுக வாடகைக்கு எடுத்திருக்காக. கேட்டுட்டு எடுத்துக்கங்க.”

“நான் போலீஸுங்கம்மா.”

“தெரியுது சார்.”

“அனுமதியை மீறி ரோட்டுல உக்காந்திருக்காங்க.”

“அதுக்கு அவுக மேல கேஸ் போடுங்க. மைக் வாடகை வேற.”

சுருளிவேல் கத்தினார்: “ஏத்தா, குடுத்துத் தொலையேன். ஒன் மைக்க யாரு தின்னுறப்போறா.”

“அப்பு, உங்க கிடாயை நான் கேக்காம அவுத்துட்டுப் போனா சும்மா இருப்பீகளா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “உங்க திருவிழா அனுமதிக்கெல்லாம் எங்கிட்டத்தானுங்க வரணும்.”

“வருவேன் சார். வரிசையில நின்னு வாங்கிக்கிருவேன்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். “பிடுங்கினா இதெல்லாம் இன்னைக்கு ஊர் பூரா ஓடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். தலையைத் துடைத்தார். பிறகு உட்கார்ந்திருந்தவர்களிடம் போனார்.

“யாருங்க இங்க தலைவரு?”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவுச்செல்வி ஓரத்திலிருந்து சொன்னாள்: “அப்பிடி யாரும் இல்ல சார்.”

“அப்ப யாரைக் கேக்கறது?”

“எல்லாரையும்.”

இன்ஸ்பெக்டர் முதல் வரிசையில் இருந்த கிழவர் முன்னால் குனிந்தார். மைக் ஸ்டாண்ட் கிழவரின் பக்கத்திலேயே இருந்தது. மைக் உயிரோடு இருந்தது. வாடகைக்குக் கொடுத்த மைக்கை அணைத்து வைக்கிற பழக்கம் சித்திக்கு இல்லை.

“பெரியவரே, இந்த மைக்கை நான் கொஞ்சம் எடுத்துக்கலாமுங்களா?”

கேள்வி இரு பக்கப் பெட்டிகளிலும் ஒலித்து, பஸ்ஸின் கடைசி இருக்கைவரை போயிற்று.

“எதுக்கு சாமி?”

“உங்களைக் கலைஞ்சு போகச் சொல்லி அறிவிப்பு கொடுக்கணுமுங்க.”

கிழவர் யோசித்தார். “எடுத்துக்க.”

“எல்லாருக்கும் சேத்துச் சொல்லிருங்க.”

“அவுகளுக்கு நான் எப்பிடிச் சொல்ல? அவுகளக் கேளு.”

அடுத்தவரிடம் போனார். அறிவுச்செல்வி எழுந்து ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். சித்தி வயரை நெகிழ்த்தி விட்டாள். நானும் பிடித்து விட்டேன்.

கைக்குழந்தைக்காரி: “வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துருவீகளா? அந்தக்காவோடது.”

“கொடுத்துருவனுங்க.”

அதற்கடுத்த ஆள்: “நாங்க ஸ்டேஷன்ல காத்துக் கெடந்தப்ப தண்ணி குடுத்த ஏட்டு, அவரு எப்பிடி இருக்காரு?”

“மாத்தலாகிப் போயிட்டாருங்க.”

“நல்ல மனுசன். நீ எடுத்துக்க.”

இரண்டாம் வரிசையில் ஒருவர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூடவே ஒன்று கேட்டார். “நெலத்துக்கு ஏன் சாமி நீ வரவே இல்ல?”

“தாலுகா ஆபீஸ்ல இருந்து லெட்டர் வரணுமுங்க.”

“சர்வேயரு தேதி குடுத்தாத்தான் லெட்டருங்கிறாக.”

“ஆமாங்க.”

“சர்வேயரு, நீ வந்தாத்தான் வருவேங்கிறாரு.”

இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அந்த ஆளும் அதையே கேட்டார், அதற்கடுத்தவரும். தாலுகா ஆபீஸ், லெட்டர், சர்வேயர், போலீஸ் என்று அந்தச் சுற்று, அவர் வாயாலேயே, நெருங்கி நின்ற வண்டிகளின் மேலெல்லாம் சுற்றி வந்தது. காலையிலிருந்து காரணம் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஹாரனிலிருந்து கையை எடுத்தார்கள்.

சுருளிவேல்தான் முதலில் வாய் திறந்தார். “யோவ், அப்ப யாருதான்யா மொதல்ல வரணும்?”

“இதைக் காலைலயே சொல்லியிருந்தா நான் தாலுகா ஆபீசுல போயி உக்காந்திருப்பேன்ல” என்றார் சண்முகவள்ளி. “எம் பூவு எங்கிட்டு வாடினா என்ன.”

கடைசி ஆள்வரை கேட்டு முடித்தார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் சரியென்றார்கள். அறிவுச்செல்வி மைக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து நின்று, இது சட்டவிரோதக் கூட்டம், உடனே கலைந்து போக வேண்டும், மீறினால் பலம் பிரயோகிக்கப்படும் என்று அறிவித்தார். குரல் நன்றாகத்தான் இருந்தது. சித்தி அவருக்காகச் சத்தத்தைச் சற்றுக் கூட்டிக்கூட வைத்தாள். இரண்டாம் முறை சொல்ல அவசியம் வரவில்லை. பளியர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஒரு தள்ளுமுள்ளும் இல்லை. பிள்ளைகளை இடுப்பில் எடுத்துக்கொண்டு, துணியைத் தட்டிவிட்டு, சாலையிலிருந்து இறங்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆட்டு வண்டி முதலில் சீறிக்கொண்டு போயிற்று. பூ ஆட்டோக்கள் பின்னால். இன்ஸ்பெக்டர் மைக்கைச் சித்தியிடம் நீட்டினார். அவள் அறிவுச்செல்வியிடம் கொடுக்கச் சொல்லிக் கைகாட்டினாள்.

அறிவுச்செல்வி மைக்கை வாங்கி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, போனவர்களின் பின்னால் நடந்தாள். அவர்கள் குடியிருப்புக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒற்றை வரிசையாக வரப்பில் நடந்து, கம்பி வேலியின் படலைத் திறந்துகொண்டு, தென்னை மரங்களுக்கு அப்பால் புதர் மண்டிய தங்கள் நிலத்தில் உட்கார்ந்தார்கள். சாலையில் உட்கார்ந்த அதே மாதிரி.

தோப்புக்காரரின் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்ததால் போலீஸும் ஓட வேண்டியதாயிற்று. கைகலப்பு வந்துவிடாமல் இரு தரப்புக்கும் நடுவே காவலர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

தோப்புக்காரர் காரில் வந்து இறங்கி, “இவனுகளை வெளியேத்துங்க சார்” என்றார்.

“எந்த சர்வே நம்பர்ல உக்காந்திருக்காங்கன்னு தெரியாம எப்படிங்க வெளியேத்தறது?” என்றார் இன்ஸ்பெக்டர். “சர்வேயர் வந்து சொல்லட்டுமுங்க.”

“சர்வேயரு போலீசு இல்லாம வர மாட்டாரு சார்” என்றாள் அறிவுச்செல்வி. வரிசையாக நின்ற காவலர்களைத் திரும்பிப் பார்த்தாள். “இப்பத்தான் இருக்கீகளே.”

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, இந்த முறை அவரே யாருக்கோ அடித்தார். சர்வேயர் மறுநாள், காவலர்கள் நிற்கும்போதே, அளவுச் சங்கிலியோடு வந்தார். இதை முன்பே யோசித்து வைத்துத்தான் செய்தீர்களா என்று நான் பிறகு அறிவுச்செல்வியைக் கேட்டேன். “சத்தம் போட்டாக, எந்திரிச்சோம். வேற எங்க போறது, எங்க எடத்துக்குத்தான் போனோம்” என்றாள்.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அடி எங்கள் தலையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராக மைக் கேட்டுப் போன காட்சி பல போன்களில் ஏறி ஊர் முழுக்கச் சுற்றியது. மேலதிகாரி வந்தார். இன்ஸ்பெக்டரை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். எங்களுக்குக் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது மட்டும் தெரிந்தது. அனுமதியை மீறிய கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கொடுத்து உதவியதாகச் சித்தி மேல் வழக்கு. ஆம்ப்ளிஃபயர், பெட்டிகள், ஜெனரேட்டர், மைக் எல்லாம் வழக்குச் சொத்து.

சித்தி தடுக்கவில்லை. வயர்களைத் தானே சுற்றிக் கட்டி ஏற்றிவிட்டாள். “மழை படாம வைங்க. ஜெனரேட்டரப் படுக்க வெச்சுராதீக” என்றாள். வெறும் வேனில் நாங்கள் திரும்பினோம். அதில் ஏறிய நாளிலிருந்து அந்த வேன் இவ்வளவு குலுங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பழனிக்குமார் அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். புதிதாக வந்த எஸ்.ஐ. நயமாகத்தான் பேசினார்.

“ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? அந்தப் புள்ள மைக் ஸ்டாண்டத் தூக்கிட்டுப் போனப்ப உங்கிட்ட கேட்டுச்சா?”

“இல்ல சார்.”

“அதை மட்டும் சொல்லு. என் அனுமதி இல்லாம மைக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஒரு வாக்குமூலம். நீ சாட்சியாயிருவ, செட்டு நாளைக்கே ஒங்கைக்கு வந்துரும்.”

“அந்தப் புள்ள?”

“அது எங்க வேலை.”

சித்தி வெளியே கொட்டகையைப் பார்த்தாள். பிடிபட்ட மணல் வண்டிகளுக்கு நடுவே அவளுடைய பெட்டிகள் தெரிந்தன. மாதா திருவிழா சீசன் தொடங்கப்போகிற நேரம். “அது வாடகைக்கு எடுத்த மைக் சார்” என்றாள். “எடுத்தவுக எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம். எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நெனச்சுப் பாருங்க, நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ள நகந்து உக்காந்தாக்கூட எங்கிட்ட கேக்கணும்னு ஆயிராதா?”

“அப்ப செட்டு இங்கதான் கெடக்கும்.”

“கெடக்கட்டும் சார். அதுக்கு நான் பொய் சொல்ல ஏலாது.”

குவைத்திலிருந்து சித்தப்பா பேசினார். “நான் அன்னைக்கே விக்கச் சொன்னேன்.”

“வித்திருந்தா வத்தலக்குண்டுக்காரன் கொண்டு போயிருப்பான். இப்பப் போலீசு கொண்டு போயிருக்கு. திரும்பி வர்றதுக்கு இதுலயாச்சும் ஒரு வழி இருக்கு.”

அந்தச் சீசன் முழுக்க அவள் அந்த வத்தலக்குண்டுக்காரரிடமே செட்டு வாடகைக்கு எடுத்து ஓட்டினாள். கையில் நிற்பது குறைவுதான். ஆனால் ஒரு ஊரையும் விடவில்லை. செட்டைத் திரும்பக் கேட்டுக் கோர்ட்டில் மனு போட்டாள், ஸ்டேஷனில் ஆட்சேபித்தார்கள். வாய்தாவுக்கு வாய்தா போய் நின்றாள். அறிவுச்செல்வியும் அந்த வழக்கில் இருந்தாள். மில்லில் லீவு போட்டுவிட்டு வருவாள். கோர்ட்டு வேப்ப மரத்தடியில் இருவரும் ஒரே தூக்குவாளியில் புளிச்சாதம் சாப்பிடுவார்கள்.

“எனக்காகத்தானக்கா நீ எழுதிக் குடுக்கல?” என்று ஒரு நாள் அவள் கேட்டாள்.

“ஒனக்காக ஒண்ணுமில்ல. என் தொழிலுக்காக. வெஞ்சனத்த இங்கிட்டுத் தள்ளு.”

நிலத்தில் ஒரு பக்கம் கல் நட்டார்கள். மறுபக்கத்துக்குத் தோப்புக்காரர் தடையுத்தரவு வாங்கினார். பளியர்கள் கல் நட்ட பக்கத்தில் அவரை விதையும் சோளமும் போட்டுவிட்டார்கள். பச்சைப் பிடித்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மீதிக்குத் தீர்ப்பு வரட்டும், விதைத்தவர்களை எழுப்புவது சுலபமில்லை என்றாள் சித்தி.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பஞ்சம்பட்டி அருகே ஒரு திருவிழாவில் வாடகைச் செட்டோடு நாங்கள் நின்றிருந்தபோது, சித்தியின் போனில் அறியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. கைகளில் கிரீஸ் இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள்.

“வணக்கமுங்கம்மா. பழனிக்குமார், முன்னாடி உங்க பக்கத்துல இன்ஸ்பெக்டரா இருந்தவனுங்க. உங்க வழக்குல என் வாக்குமூலத்தை மறுபடி கேட்டிருந்தாங்க. அன்னைக்கு மைக்கை யாரும் உங்ககிட்ட இருந்து தூக்கிட்டுப் போகலை, நீங்களும் யாரையும் தூண்டலை, நான்தான் உக்காந்திருந்த ஒவ்வொருத்தரையும் கேட்டு வாங்கினேன்னு நடந்ததை எழுதிக் கொடுத்துட்டனுங்க. உங்க மேலயும் அந்தப் பொண்ணு மேலயும் மேல் நடவடிக்கை இல்லைன்னு முடிச்சுட்டாங்க. கோர்ட்டு உத்தரவு திங்கக்கிழமை ஸ்டேஷனுக்கு வருமுங்க. வண்டி எடுத்துட்டுப் போங்க. உங்க ஆம்ப்ளிஃபயர் மேல டீ டம்ளர் வைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். போட்டுப் பாத்துட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க.”